கோடிகள் புரளும் கணிப்புச் சந்தையில் கல்லாவில் தங்குவது எவ்வளவு?

2021 நவம்பர் 20, சனிக்கிழமை. மலாக்கா மாநிலத்தின் 28 தொகுதிகளுக்கும் அன்றிரவு முடிவு வந்தது. நான்கு சட்டமன்ற உறுப்பினர்கள் மாநில அரசுக்கு அளித்த ஆதரவை மீட்டுக்கொண்டதால் வந்த திடீர்த் தேர்தல் அது. கோவிட் கட்டுப்பாட்டால் செராமா என்ற பிரசாரப் பேச்சு கிடையாது, கூட்டம் கூடவும் தடை. வந்த தலைகளை எண்ணிப் பார்த்துக் காற்று எந்தப் பக்கம் என்று சொல்ல யாருக்கும் வழியில்லை. கடைசியில் தேசிய முன்னணி 38 விழுக்காட்டு வாக்கை வைத்துக்கொண்டு 21 இடங்களை அள்ளியது. 2018ல் பி.கே.ஆர் கைக்குப் போயிருந்த கிளேபாங் தொகுதியை அந்தக் கூட்டணியில் உள்ள ம.சீ.ச.வின் லிம் பான் ஹோங் பிடித்தார். காடேக்கில் அதே கூட்டணியின் ம.இ.கா.வைச் சேர்ந்த சண்முகம் வென்றார்.

தேர்தலுக்கு முந்தைய இரண்டு வாரமும் கிளேபாங் பெசார் கடற்கரைச் சாலையில் கோக்கனட் ஷேக் குடிக்க நின்றவர்களிடம் ஆளுக்கொரு கணக்கு இருந்திருக்கும். வாயால் சொல்லும் கணக்குக்குச் செலவில்லை. சொன்னதற்குக் காசை வைக்கச் சொல்லி, அந்தக் காசு போகும் பக்கத்தைப் பார்த்து விலையை நகரவிட்டால் அதுதான் கணிப்புச் சந்தை. அமெரிக்காவில் இப்போது தேர்தல், வட்டி விகிதம், கால்பந்து, சூறாவளி என்று எல்லாவற்றுக்கும் அப்படி விலை போட்டு விற்கிறார்கள். மாதத்துக்கு இத்தனை நூறு கோடி டாலர் புரண்டது என்று செய்தியும் வருகிறது. புரண்ட பணம் ஒன்று. சந்தையை நடத்துகிறவர் கல்லாவில் விழும் பணம் வேறொன்று. இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொள்வதால்தான் இந்தத் தொழிலைப் பற்றிய பேச்சில் பாதி தப்பாகப் போகிறது.

கிளேபாங்கையே கற்பனைச் சந்தையாக வைத்துப் பார்க்கலாம். (மலேசியாவில் 1953ஆம் ஆண்டின் பந்தயச் சட்டம் இருக்கிறது, இது தாளில் போடும் கணக்கு மட்டும்.) கேள்வி: ‘கிளேபாங்கில் தேசிய முன்னணி வெல்லுமா?’ சரியாகச் சொன்னவருக்கு ஒரு சீட்டுக்கு 1 வெள்ளி (ரிங்கிட்) கிடைக்கும்; தவறினால் ஒன்றும் இல்லை. ‘வெல்லும்’ சீட்டு 60 காசுக்குப் போகிறது என்றால், வாய்ப்பு 60 விழுக்காடு என்று சந்தை நினைக்கிறது. எதிர்ப்பக்கம் நிற்பவர் ‘வெல்லாது’ சீட்டை 40 காசுக்கு எடுக்கிறார். 60ம் 40ம் சேர்ந்து அந்த 1 வெள்ளி ஆகிறது. வென்றவருக்குப் போகும் பணம் தோற்றவருடையது. சந்தைக்காரர் தன் கையிலிருந்து எதுவும் கொடுப்பதில்லை. முடிவு எப்படி வந்தாலும் அவருக்கு நட்டமில்லை.

அவருக்கு வருமானம் கட்டணம்தான். அமெரிக்காவின் கால்ஷி நிறுவனம் வைத்திருக்கும் பொது விதி எளிமையானது: சீட்டின் விலையை, ஒன்றிலிருந்து அந்த விலையைக் கழித்த மிச்சத்தால் பெருக்க வேண்டும், வருவதை மீண்டும் 0.07ஆல் பெருக்க வேண்டும். 60 காசுச் சீட்டுக்கு 0.60 × 0.40 × 0.07, அதாவது 1.68 காசு. பத்து லட்சம் சீட்டு விற்றால் செய்தியில் ‘பத்து லட்சம் வெள்ளி வர்த்தகம்’ என்று வரும். கல்லாவில் விழுவது 16,800 வெள்ளி. வாக்கு எண்ணி முடியும் நேரத்தில் அதே சீட்டு 95 காசுக்கு ஏறிவிட்டது, அப்போதும் பத்து லட்சம் சீட்டு கைமாறுகிறது என்று வைத்துக்கொண்டால் கட்டணம் 3,325 வெள்ளிதான். வர்த்தகத் தொகை மாறவில்லை, வருமானம் ஐந்தில் ஒன்றாகிவிட்டது. முடிவு யாருக்கும் தெரியாத நேரத்தில் நடக்கும் வர்த்தகம்தான் சந்தைக்காரருக்குச் சோறு போடுகிறது.

இதை நமக்குப் பழக்கமான நம்பர் கடையோடு ஒப்பிட்டால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். மேக்னம் நிறுவனம் 1969 முதல் உரிமம் பெற்று நாலு நம்பர் குலுக்கல் நடத்துகிறது. ‘பெரிய’ பந்தயத்தில் 1 வெள்ளிக்கு முதல் பரிசு 2,500, இரண்டாவது 1,000, மூன்றாவது 500, பத்து சிறப்புப் பரிசுகள் தலா 180, பத்து ஆறுதல் பரிசுகள் தலா 60. மொத்தம் 6,400. நம்பர்களோ 0000 முதல் 9999 வரை பத்தாயிரம். ஒவ்வொரு நம்பருக்கும் ஒரு வெள்ளி கட்டி பத்தாயிரத்தையும் ஒருவரே வாங்கினால் 6,400 வெள்ளி திரும்ப வரும். ஆக, கட்டும் ஒவ்வொரு வெள்ளியிலும் சராசரியாக 36 காசு திரும்புவதில்லை. அந்த 36 காசில் அரசாங்க வரி, முகவர் கமிஷன், நடத்தும் செலவு எல்லாம் போகும். இருந்தாலும் பத்து லட்சம் வெள்ளி விற்பனைக்கு மூன்று லட்சத்து அறுபதாயிரம் பிடிபடுகிறது. நம் கற்பனைக் கிளேபாங் சந்தை அதே பத்து லட்சத்தில் பிடித்தது 16,800.

நடுவில் இன்னொரு தொழிலும் உண்டு. அமெரிக்காவில் சட்டப்படி நடக்கும் விளையாட்டுப் பந்தய நிறுவனங்களிடம் 2024ல் மக்கள் கட்டியது சுமார் 15,000 கோடி டாலர். நிறுவனங்கள் வருமானமாகக் காட்டியது சுமார் 1,370 கோடி. நூற்றுக்கு ஒன்பது. நம்பர் கடைக்கு 36, பந்தயக்காரருக்கு 9, கணிப்புச் சந்தைக்கு ஒன்றோ ஒன்றரையோ. இந்த மூன்று எண்களும் மனத்தில் இருந்தால் போதும், ‘நூறு கோடி புரண்டது’ என்ற தலைப்பு யாரையும் மிரட்டாது.

விழுக்காடு சிறியது என்பதால் ஆடுகிறவருக்கு இது மலிவு என்று நினைத்துவிட வேண்டாம். நாலு நம்பர் குலுக்கல் புதன், சனி, ஞாயிறு. எப்போதாவது செவ்வாயில் சிறப்புக் குலுக்கல். கட்டிய காசு குலுக்கல் வரைக்கும் அசையாது. கணிப்புச் சந்தையில் ஒரே மாலையில், ஒரே ஆட்டத்தில், அதே நூறு டாலரை வாங்கி விற்று வாங்கி இருபது முறை சுற்றலாம். ஒவ்வொரு சுற்றிலும் கட்டணம் கழியும். இந்தச் சுழற்சியை விட்டுவிட்டு ‘ஒரு விழுக்காடுதானே’ என்பது நிறுவனங்களுக்கு வசதியான பேச்சு.

வருங்காலத்தின் மீது காசு கட்டுவது அமெரிக்கர்கள் கண்டுபிடித்ததல்ல. கல்கத்தாவின் படா பஜாரில் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே மார்வாடி வணிகர்கள் மழை பெய்யுமா என்று பந்தயம் கட்டினார்கள். மழைச் சூதாட்டம் வளர்ந்து, 1897ல் வங்காள அரசு சட்டம் போட்டு நிறுத்தியது. ராஜஸ்தானின் பலோடி ஊர்க்காரர்கள் தேர்தலுக்குத் தேர்தல் சொல்லும் விலையை இன்றும் வட இந்தியப் பத்திரிகைகள் செய்தியாகப் போடுகின்றன. அந்தச் சந்தைகளுக்குக் கணக்குப் புத்தகம் வெளியில் இல்லை. அதனால் வருமானத்தை மதிப்பிடும் கேள்வியே எழவில்லை.

மலேசியாவிலேயே சட்டத்துக்கு உட்பட்ட தூரத்து உறவு ஒன்று உண்டு. 1980 அக்டோபரில் கோலாலம்பூரில் கச்சா செம்பனை எண்ணெய்க்கு முன்பேர வர்த்தகம் தொடங்கியது. ஓர் ஒப்பந்தம் 25 டன். மூன்று மாதம் கழித்து எண்ணெய் என்ன விலைக்குப் போகும் என்று இன்றே வாங்கி விற்பது. பால்மரம் 1890களிலேயே வேரூன்றிய மலாக்காவில், பிறகு செம்பனைக்கு மாறிய புக்கிட் அசகான், ஜாசின் பக்கத்துத் தோட்டங்களில், விலை ஏறினால் சம்பளத்தோடு விலை போனஸ் சேரும் என்பது தொழிலாளர் வீடுகளுக்குத் தெரிந்த விஷயம். அந்தச் சந்தையை நடத்தும் பங்குச்சந்தை நிறுவனமும் எண்ணெய் விலை ஏறினாலும் இறங்கினாலும் கவலைப்படுவதில்லை. ஒப்பந்தத்துக்கு இவ்வளவு என்று கட்டணம் வாங்குகிறது. கால்ஷி செய்வதும் அதுவே. எண்ணெய்க்குப் பதில் அங்கே தேர்தலும் கால்பந்தும் இருக்கின்றன.

தொடக்க காலக் கணிப்புச் சந்தைகளுக்குச் சம்பாதிக்கும் எண்ணமே இல்லை. 1988ல் அயோவா பல்கலைக்கழகம் ஆராய்ச்சிக்காக ஆரம்பித்த மின்னணுச் சந்தையில் ஒருவர் 500 டாலருக்கு மேல் போட முடியாது. நியூசிலாந்தின் வெலிங்டன் விக்டோரியா பல்கலைக்கழகத்தோடு 2014ல் வந்த பிரெடிக்ட்இட் வேறு மாதிரி யோசித்தது. லாபத்தில் 10 விழுக்காடு, பணத்தை வெளியே எடுக்கும்போது 5 விழுக்காடு. பங்கு பெரிதுதான், ஆனால் ஒருவர் ஒரு சீட்டில் 850 டாலருக்கு மேல் கட்டக்கூடாது என்ற வரம்பு கையைக் கட்டிப்போட்டது. அயர்லாந்தின் இன்ட்ரேட் 2013 மார்ச்சில் கடையை மூடியது.

கணக்குப் போடத் தோதான முதல் நிறுவனம் கால்ஷி. தாரேக் மன்சூர், லுவானா லோப்பஸ் லாரா என்ற இரண்டு எம்.ஐ.டி பட்டதாரிகள் 2018ல் தொடங்கினார்கள். 2020 நவம்பரில் அமெரிக்க முன்பேர வர்த்தக ஆணையம் உரிமம் கொடுத்தது. 2023ல் அங்கே புரண்டது சுமார் 18 கோடி டாலர், வருமானம் சுமார் 18 லட்சம். 2024ல் புரண்டது சுமார் 197 கோடி, வருமானம் சுமார் 2.4 கோடி. முதல் ஆண்டில் விகிதம் ஒரு விழுக்காடு, அடுத்த ஆண்டில் 1.2.

இந்த இரண்டு எண்களை மட்டும் கையில் வைத்துக்கொண்டு மூன்றாவது ஆண்டை ஊகிக்க முடியுமா? 2025ல் விளையாட்டு உள்ளே வந்தது. வர்த்தகம் சுமார் 2,300 கோடி டாலருக்கு எகிறியது. ஒரு விழுக்காடு என்றால் 23 கோடி, 1.2 என்றால் 27.6 கோடி. செய்திகளில் வந்த கட்டண வருமானம் சுமார் 26 கோடி. ஊகம் விழ வேண்டிய இடத்தில்தான் விழுந்திருக்கிறது. விதியைத் திருப்பிப் போட்டால் இன்னொன்றும் தெரியவரும். 50 சென்ட்டுச் சீட்டுக்குக் கட்டணம் 1.75 விழுக்காடு; 80 சென்ட்டு, 20 சென்ட்டுச் சீட்டுகளுக்கு 1.12. மொத்த விகிதம் இந்த 1.12க்குப் பக்கத்தில் நிற்பதால், பெரும்பகுதி வர்த்தகம் சமபல ஆட்டங்களில் நடக்கவில்லை, ஒரு பக்கம் சாய்ந்துவிட்ட கேள்விகளில் நடக்கிறது என்று தோராயமாகச் சொல்லலாம். சில சீட்டுகளுக்குத் தனிக் கட்டணம் உண்டு, சென்ட்டை மேல்நோக்கி முழுமையாக்கும் வழக்கமும் உண்டு. அதனால் இது தோராயம்தான்.

பாலிமார்க்கெட்டிடம் இந்த வழி செல்லாது. ஷேன் கோப்லன் 2020ல் தொடங்கிய, கிரிப்டோ நாணயத்தில் ஓடும் சந்தை அது. 2022 ஜனவரியில் அதே அமெரிக்க ஆணையம் 14 லட்சம் டாலர் அபராதம் போட்டு, சட்டத்துக்கு உட்படாத சந்தைகளை மூடச் சொன்னது. 2024 அமெரிக்க அதிபர் தேர்தலின் ஒரே ஒரு கேள்வியில் அங்கே 350 கோடி டாலருக்கு மேல் புரண்டது. அதிலிருந்து கட்டணமாக வந்தது? பூஜ்யம். அப்போது பாலிமார்க்கெட் வர்த்தகக் கட்டணமே வாங்கவில்லை. கால்ஷியின் விகிதத்தை அதன்மேல் வைத்து ‘நாலு கோடி சம்பாதித்திருக்கும்’ என்று எழுதுகிறவர் இல்லாத பணத்தை எண்ணுகிறார். கட்டணம் பிற்பாடுதான் வந்தது.

கட்டணம் வாங்காத கடைக்கு முதலீடு மட்டும் குறையவில்லை. நியூயார்க் பங்குச்சந்தையின் தாய் நிறுவனமான ஐ.சி.ஈ, 2025 அக்டோபரில் 200 கோடி டாலர் வரை போடுவதாக அறிவித்தது. நிறுவனத்துக்கு வைத்த மதிப்பு சுமார் 800 கோடி. அங்கே உருவாகும் விலைகளை வங்கிகளுக்கும் முதலீட்டாளர்களுக்கும் தகவலாக விற்கும் உரிமையும் அந்த ஏற்பாட்டில் உண்டு. சந்தையில் ஆடுகிறவர்களிடம் வாங்காததை, ஆட்டத்தை வேடிக்கை பார்க்கிறவர்களிடம் வாங்கும் திட்டம் இது. தொழிலின் வருமானத்தை மதிப்பிடுகிறவர்கள் பலர் இதைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை.

புரண்ட தொகையே எவ்வளவு நிஜம் என்பது அடுத்த தலைவலி. கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2025 நவம்பரில் வெளியிட்ட ஆய்வில், பாலிமார்க்கெட் வர்த்தகத்தில் சராசரியாக நான்கில் ஒரு பங்கு, ஆட்கள் தங்களுக்குள்ளேயே விற்று வாங்கிக்கொண்டதாக இருக்கலாம் என்று கணக்கிட்டார்கள். கட்டணம் இல்லாத இடத்தில் அப்படிச் செய்யச் செலவில்லை. பின்னாளில் நிறுவனம் சொந்த நாணயம் வெளியிட்டால் அதிகம் ஆடியவர்களுக்கு இனாம் கிடைக்கும் என்ற நம்பிக்கையும் சேர்ந்தது. அடுத்த மாதமே பாரடைம் நிறுவன ஆய்வாளர், பொதுவில் பார்க்கக் கிடைக்கும் பல கணக்குப் பலகைகள் பாலிமார்க்கெட் வர்த்தகத்தை இரண்டு முறை எண்ணுகின்றன என்றார். பாரடைம் கால்ஷியில் முதலீடு செய்த நிறுவனம் என்பதையும் சேர்த்தே அதைப் படிக்க வேண்டும்.

எண்ணும் முறையிலும் தகராறு இருக்கிறது. 5 சென்ட்டுக்கு விற்ற சீட்டை 5 சென்ட் என்று எழுதலாம். வென்றால் 1 டாலர் என்பதால் 1 டாலர் என்றும் எழுதலாம். இரண்டாவது வழியில் எழுதினால் தொகை இருபது மடங்கு வீங்கும். ஒரு நிறுவனத்தின் எண்ணை இன்னொன்றின் எண்ணோடு கூட்டித் ‘தொழில் மொத்தம்’ என்று போடுகிறவர், வெள்ளியையும் டாலரையும் மாற்றாமல் கூட்டுகிறவர்தான்.

இடைத்தரகர் வாங்குவதையும் விடக்கூடாது. ராபின்ஹுட் என்ற பங்கு வர்த்தகச் செயலியில் கால்ஷியின் சீட்டுகளை வாங்குகிறவர், சீட்டுக்கு ஒரு சென்ட் அந்தச் செயலிக்குத் தனியாகக் கொடுக்கிறார். 2025ன் மூன்றாம் காலாண்டில் அங்கே கைமாறிய சீட்டுகள் 230 கோடி. ஒரு சென்ட் வீதம் 2.3 கோடி டாலர். ஆண்டுக்கு என்று நான்கால் பெருக்கினால் 9.2 கோடி. நிறுவனம் தானே சொன்னது, ஆண்டு விகிதத்தில் 10 கோடி அல்லது அதற்கு மேல். அக்டோபர் ஒரே மாதத்தில் 250 கோடி சீட்டுகள் போனதால் ‘மேல்’ என்ற சொல்லுக்கும் பொருள் இருக்கிறது. சீட்டு எண்ணிக்கையைத் தெரிந்துகொண்டால் இப்படி உறையின் பின்பக்கத்திலேயே கணக்கு முடிந்துவிடும். டாலர் தொகையைத் துரத்துவதைவிட இது உருப்படியான வழி.

இந்தியாவில் இதே தொழில் ‘கருத்து வர்த்தகம்’ என்ற பெயரில் வந்தது. 2019ல் குருகிராமில் தொடங்கிய புரோபோ செயலியில் கேள்விக்கு விலை 10 ரூபாய்க்குள். கிரிக்கெட், பங்கு விலை, தேர்தல் என்று ‘ஆம்’ ‘இல்லை’ விற்றார்கள். 2023-24 நிதியாண்டில் அதன் வருமானம் சுமார் 459 கோடி ரூபாய். திறமை சார்ந்த விளையாட்டுக்குச் சூதாட்டச் சட்டம் பொருந்தாது என்பது இத்தகைய செயலிகளின் வாதம். அதன் வேரில் சென்னையும் இருக்கிறது: சென்னை ரேஸ் கிளப் தொடர்பான கே.ஆர். லட்சுமணன் வழக்கில், குதிரைப் பந்தயம் திறமை சார்ந்தது என்று 1996ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. அதை வைத்துக்கொண்டு நெடுந்தூரம் ஓடியாகிவிட்டது. 2025 ஏப்ரலில் பங்குச்சந்தைக் கட்டுப்பாட்டு வாரியமான செபி முதலீட்டாளர்களை எச்சரித்தது. ஜூலையில் அமலாக்கத் துறை புரோபோவில் சோதனை போட்டு 284.5 கோடி ரூபாயை முடக்கியது. ஆகஸ்ட்டில் நாடாளுமன்றம் காசு கட்டும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்தது. புரோபோவும் அதே வாரத்தில் காசு ஆட்டத்தை நிறுத்தியது. அந்த ஆண்டு ஜூலையில் யாராவது அடுத்த ஐந்தாண்டு இந்திய வருமானத்தை அட்டவணை போட்டிருந்தால், ஒரே மாதத்தில் அது குப்பைக்குப் போயிருக்கும். சிங்கப்பூரும் 2025 ஜனவரியில் பாலிமார்க்கெட்டை முடக்கியது.

இத்தனைக்கும் பிறகு எதிர்கால எண்கள் பெரிதாகத்தான் வருகின்றன. ஐலர்ஸ் அண்ட் கிரெய்சிக் என்ற ஆய்வு நிறுவனம், இந்தப் பத்தாண்டின் முடிவில் ஆண்டு வர்த்தகம் ஒரு லட்சம் கோடி டாலரை எட்டலாம் என்றது. நமக்குத் தெரிந்த ஒரு விழுக்காட்டைப் போட்டால் வருமானம் ஆயிரம் கோடி டாலர். கேட்கப் பெரிய தொகை. ஆனால் 2024லேயே அமெரிக்க விளையாட்டுப் பந்தயத் தொழில் இதைவிட அதிகம் ஈட்டிவிட்டது. அதற்கு வேண்டிய பந்தயத் தொகை இதில் ஏழில் ஒரு பங்குக்கும் சற்றே மேல்தான். அந்த ஒரு விழுக்காடும் நிற்குமா என்பது சந்தேகம். ஒரு கடை கட்டணத்தைக் குறைக்கும்போது, பெரிய கைகள் குறைந்த கட்டணம் கேட்கும்போது, போட்டியில் முதலில் தேய்வது விகிதம்தான். பங்கு வர்த்தகத்தில் அமெரிக்கத் தரகுக் கட்டணம் எப்படிப் பூஜ்யத்துக்கு வந்தது என்பது எல்லோரும் கண்ட கதை.

அதைவிட உடனடியான ஆபத்து நீதிமன்றங்களில் இருக்கிறது. கால்ஷியின் 2025 கட்டண வருமானத்தில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு விளையாட்டிலிருந்து வந்தது. நெவாடா 2025 மார்ச்சில், இது உரிமம் இல்லாத விளையாட்டுப் பந்தயம், நிறுத்து என்று கடிதம் அனுப்பியது. மாசசூசெட்ஸ் செப்டம்பரில் வழக்குப் போட்டது. நாங்கள் மத்திய ஆணையத்தின் உரிமத்தில் நடக்கும் முன்பேரச் சந்தை, மாநிலச் சூதாட்டச் சட்டம் எங்களைத் தொடாது என்கிறது கால்ஷி. விளையாட்டு கைவிட்டுப் போனால், மற்றதெல்லாம் அப்படியே நின்றாலும், அந்த 26 கோடி டாலரில் எஞ்சுவது இரண்டரைக் கோடிச் சொச்சம். தேர்தல் ஆண்டான 2024ல் கால்ஷி ஈட்டியதும் ஏறக்குறைய அவ்வளவே.